ஷேர் பண்ணியாச்சா? அப்புறம்?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. வழக்கமா இங்கே சினிமா, ஆபீஸ்ல ஆணி புடுங்கின கதை, ஊர்ப் புராணம்னு மொக்கை போடுறவன் திடீர்னு சீரியஸ் ஆயிட்டானேன்னு ஓடிடாதீங்க. இதுல தப்பு பண்ணினவன் நானேதான். அதனால அறிவுரையா எடுத்துக்க வேண்டாம், வாக்குமூலம்னு வெச்சுக்குங்க.

எங்க தெருமுனையில ஒரு இஸ்திரி வண்டி உண்டு. அண்ணனும் அக்காவும் மாறி மாறித் தேய்ப்பாங்க. அவங்க பையன் ஏழாம் வகுப்பு. ஸ்கூல் விட்டு வந்ததும் வீடு வீடாப் போய் துணி வாங்கிட்டு வர்றது, தேய்ச்சதைக் கொண்டு போய்க் கொடுக்கிறது எல்லாம் அவன்தான். எனக்கு அவனைத் தெரியும். "அண்ணே, பதினாலு உருப்படி, எண்ணிக்கங்க"ன்னு கதவைத் தட்டுவான். அவ்வளவுதான் பழக்கம்.

போன வருஷம் ஒரு புதன்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல அந்த அண்ணன் எங்க அபார்ட்மெண்ட் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தார். பையனைக் காணோம். சாயங்காலம் அப்பா இல்லாத நேரத்துல அவனே பெட்டியை எடுத்துத் தேய்க்கப் போய், எங்க அபார்ட்மெண்ட் ஆள் ஒருத்தரோட சட்டையைக் கருக்கிட்டான். அவர் வண்டிகிட்ட வந்து நாலு பேர் முன்னாடி சத்தம் போட்டிருக்கார். அண்ணன் அந்தக் கோபத்துல பையனை ஒரு அறை விட்டிருக்கார். ஆறு மணிக்குப் போனவன், திரும்பல.

அடுத்து நான் செஞ்சதைத்தான் சொல்லணும்.

பொட்டி தட்டுறவன் இல்லையா, கை பரபரன்னுச்சு. பையனோட போட்டோவை வாங்கினேன். பத்தே நிமிஷத்துல பளிச்சுனு ஒரு போஸ்டர். சிவப்பு எழுத்துல "காணவில்லை", கீழே பேரு, ஸ்கூல், போட்டிருந்த சட்டை நிறம், அப்பாவோட செல் நம்பர். அபார்ட்மெண்ட் குரூப், காலேஜ் குரூப், ஆபீஸ் குரூப், கிரிக்கெட் குரூப் எல்லாத்துலயும் போட்டேன். "தயவுசெய்து அதிகம் பகிரவும்". அரை மணி நேரத்துல என் மாமா மதுரையில இருந்து அதே போஸ்டரை எனக்கே அனுப்பினார். உண்மையைச் சொல்றேன், அப்போ மனசுக்குள்ள ஒரு சின்னத் திருப்தி. ஏதோ செஞ்சுட்டோம்ல.

அப்புறம்தான் போலீஸ் ஸ்டேஷன் போனோம். வரிசை தலைகீழா இருக்குன்னு அப்போ உறைக்கவே இல்லை.

ஸ்டேஷன்ல இருந்தவர் கெட்டவர்னு சொல்ல மாட்டேன். தனியா ஒரு ஆள், பக்கத்துல ஒரு விபத்து கேஸ், வாக்கி டாக்கி வேற அலறிக்கிட்டே இருக்கு. ஆனா அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன்யா அடிச்சே?" ரெண்டாவது, "சொந்தக்காரங்க வீட்டுக்கு எங்கயாவது போயிருப்பான், காலைல வரை பாருங்களேன்." மூணாவதா, "சரி, சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன்." அண்ணன் தலையைத் தலையை ஆட்டினார். எதுக்கு ஆட்டுறோம்னே அவருக்குத் தெரியல. சி.எஸ்.ஆர்.னா புகார் வந்துச்சுங்கிறதுக்கு ஒரு ரசீது, அவ்வளவுதான். வழக்குப் பதிவு கிடையாது.

எனக்கும் இதெல்லாம் தெரியாது. வக்கீலா இருக்கிற ஒரு ஸ்கூல் சிநேகிதனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்னது ஒரே விஷயம்: "குழந்தை காணோம்னா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும். 2013-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. சண்டை போடாதே, இதை மட்டும் மரியாதையாச் சொல்லு." சொன்னேன். கொஞ்ச நேரத்துல இன்ஸ்பெக்டர் வந்தார், கேட்டார், எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு. காப்பி கையில வாங்கும்போது மணி பன்னெண்டு.

அந்த 2013 தீர்ப்பைப் பத்திப் பிறகு தேடிப் படிச்சேன். பச்பன் பச்சாவ் ஆந்தோலன் அமைப்பு (ஆமாங்க, 2014-ல் நோபல் அமைதிப் பரிசு வாங்கின கைலாஷ் சத்யார்த்தியோட அமைப்புதான்) போட்ட வழக்கு. 2013 மே மாசம் உத்தரவு. சாரம் இதுதான்: பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கிற யார் காணாமல் போனாலும், கடத்தலாவோ ஆள் வியாபாரமாவோ இருக்கலாம்னு எடுத்துக்கிட்டு முதல்ல வழக்குப் பதியணும். கோவிச்சுக்கிட்டுப் போனானா, வழி தவறினானாங்கிறது விசாரணையில தெரியட்டும். அதாவது, "காலைல வரை பாருங்க"ங்கிற பதிலுக்கே சட்டத்துல இடம் இல்லை.

இந்த உத்தரவுக்குப் பின்னாடி எத்தனை குடும்பத்தோட கண்ணீர் இருக்குன்னு தெரிஞ்சுக்க நிட்டாரியை ஞாபகப்படுத்திக்கணும். நொய்டா பக்கத்துல ஒரு ஊர். 2005, 2006-ல் அங்கே குழந்தைங்க ஒண்ணொண்ணாக் காணாமப் போனாங்க. பெரும்பாலும் பிழைப்புக்காக வெளியூர்ல இருந்து வந்த ஏழைகள் வீட்டுப் பிள்ளைங்க. பெத்தவங்க ஸ்டேஷனுக்கு நடையா நடந்தாங்க. புகாரை யாரும் பெரிசா எடுத்துக்கல. 2006 டிசம்பர் கடைசியில ஒரு பங்களாவுக்குப் பின்னாடி இருந்த சாக்கடையில எலும்புகள் கிடைச்சப்போதான் நாடே திரும்பிப் பார்த்துச்சு. அதுக்கப்புறம் நடந்தது இன்னும் கொடுமை. 2023-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் விசாரணை நடந்த லட்சணத்தைக் கடுமையா விமர்சிச்சு, தண்டனை பெற்றிருந்த ரெண்டு பேரையும் விடுவிச்சது. மிச்சமிருந்த கடைசி வழக்குலயும் 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் விடுதலை கொடுத்துடுச்சு. அப்போ கொன்னது யாரு? பத்தொன்பது வருஷமாக் காத்திருந்த பெத்தவங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்லை. முதல் புகார் வந்த அன்னிக்கே ஒருத்தர் உட்கார்ந்து ஒழுங்கா எழுதியிருந்தா?

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

வியாழக்கிழமை காலையில இருந்து அண்ணன் போன் விடாம அடிக்க ஆரம்பிச்சுது. பாதிப் பேர் நல்லவங்க. "கிடைச்சுட்டானா?"ன்னு விசாரிக்கத்தான் கூப்பிட்டாங்க. (அக்கறைதான், ஆனா நூறு பேர் அக்கறையா ஒரே நம்பருக்குக் கூப்பிட்டா என்ன ஆகும்னு யோசிங்க.) சில பேர் திட்டுறதுக்குன்னே கூப்பிட்டாங்க: "பிள்ளையை அடிச்சா ஓடாம என்ன செய்வான்?" அடிச்ச விஷயம் அவங்களுக்கு எப்படித் தெரியும்? யாரோ போஸ்டருக்குக் கீழே சொந்தமா ரெண்டு வரி சேர்த்து அனுப்பியிருக்காங்க. ரெண்டு பேர், "உங்க பையன் எங்ககிட்டதான் பத்திரமா இருக்கான், சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கூகுள் பே பண்ணுங்க"ன்னு கேட்டு, ஒருத்தன் ரெண்டாயிரம், இன்னொருத்தன் ஆயிரத்து ஐநூறு வாங்கிட்டான். ஒரு சட்டை தேய்ச்சா என்ன கிடைக்கும்னு உங்களுக்கே தெரியும். அவர் யோசிக்கவே இல்லை, அனுப்பிட்டார். இன்னொரு ஆள் கும்மிடிப்பூண்டியில பார்த்தேன்னான். மத்தியானம் அண்ணனைப் பின்னாடி உட்கார வெச்சு பைக்ல போனேன். அங்கே யாரும் இல்லை. நம்பரும் சுவிட்ச் ஆஃப்.

வெள்ளிக்கிழமை காலையில எங்க ஏரியா ஸ்டேஷன்ல இருந்து ஆள் வந்து சொன்னாங்க. பையன் காட்பாடியில இருக்கான்.

வியாழக்கிழமை சாயங்காலமே அங்கே பிளாட்பாரத்துல ரயில்வே போலீஸ் கண்ணுல பட்டிருக்கான். குழந்தைகளுக்கான உதவி மையத்துல ஒப்படைச்சிருக்காங்க. அவனுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பர் அப்பாவோடது. அதைச் சொல்லியிருக்கான். அந்த மையத்துல இருந்த அம்மா எங்ககிட்ட சொன்னது இன்னும் காதுல கேக்குது: "ராத்திரி பூரா ட்ரை பண்ணினோம் சார். பிஸி பிஸின்னே வந்துச்சு. அப்புறம் சுவிட்ச் ஆஃப். பையன் வேற, அப்பா கோவமா இருக்கார், அதான் எடுக்கலைன்னு ஒரே அழுகை."

அந்த லைனை பிஸியா வெச்சது யாரு? நான்தான்.

கடைசியில அவனைச் சேர்த்து வெச்சது அந்த எஃப்.ஐ.ஆர். அதுல இருந்த அடையாளமும், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போன தகவலும்தான். எங்க மாமா மதுரையில இருந்து அனுப்பின போஸ்டர் இல்லை.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் இப்படி யோசிக்காம அனுப்பினது அதுதான் முதல் தடவைன்னு இல்லை. 2018-ல் நான் காலேஜ்ல இருந்தேன். பைக்ல ரெண்டு பேர் வந்து தெருவுல விளையாடுற குழந்தையைத் தூக்கிட்டுப் போற வீடியோ ஒண்ணு அப்போ சுத்துச்சு, ஞாபகம் இருக்கா? "வட மாநிலத்துல இருந்து கும்பல் வந்திருக்கு, உஷார்"னு கூடவே ஒரு குரல் பதிவு. ஹாஸ்டல் குரூப்ல நானும் அதைத் தள்ளி விட்டேன். அந்த வீடியோ கராச்சியில குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடைசியில பைக்ல வந்தவங்களே குழந்தையைத் திரும்பக் கொண்டு வந்து விட்டுட்டு, ஜாக்கிரதையா இருங்கன்னு ஒரு அட்டையைக் காட்டுவாங்க. அந்தக் கடைசித் துண்டை யாரோ வெட்டிட்டாங்க. குழந்தைகளைக் காப்பாத்த எடுத்த படம், ஆளைக் கொல்ற ஆயுதம் ஆயிடுச்சு.

அந்த மே மாசம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்துல, சென்னையில இருந்து குலதெய்வம் கும்பிடப் போன ஒரு குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவங்கன்னு ஊரே சேர்ந்து அடிச்சுது. அறுபது வயசு தாண்டின ஒரு அம்மா செத்துப் போனாங்க. அவங்க செஞ்சது, வழியில நின்ன குழந்தைங்களுக்குச் சாக்லேட் கொடுத்தது. அதே வாரம் பழவேற்காட்டுல ஒருத்தரை அடிச்சுக் கொன்னாங்க. ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிராவில் துலே மாவட்டத்துல அஞ்சு பேர். அந்த ஜூலையிலதான் வாட்ஸப் இந்தியாவுல ஒரு மெசேஜை ஒரே நேரத்துல அஞ்சு பேருக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு.

இதுல எது என்னை ரொம்ப உறுத்துதுன்னா, நம்ம மனசுல இருக்கிற படமே தப்பு. காணாமப் போன குழந்தைன்னு சொன்னதும் சின்னக் குழந்தை, சாக்லேட், சாக்குப் பை, முகம் தெரியாத ஆள்தான் கண்ணு முன்னாடி வருது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தோட 2022 கணக்கை எடுத்துப் பாருங்க. அந்த ஒரு வருஷத்துல காணாமப் போனதாப் பதிவான குழந்தைகள் 83,350. அதுல பெண் பிள்ளைகள் மட்டும் 62,946. நாலுல மூணு! சாக்குப் பைக்காரன் கதையில இந்தக் கணக்கு எங்கேயாவது ஒட்டுதா?

வீட்டுல அடி, படிப்புல பயம், பிடிக்காத கல்யாணப் பேச்சு, வேலை வாங்கித் தர்றேன்னு தெரிஞ்சவங்க சொன்ன ஆசை வார்த்தை, காதல்ங்கிற பேர்ல கூட்டிட்டுப் போறவன்... இதெல்லாம்தான் நிஜமான கதவுகள். இந்தக் கதவு வழியாப் போன பிள்ளைக்கு நாம வெச்சிருக்கிற பேரு "ஓடிப்போச்சு". பையன்னா "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான், வந்துருவான்." பொண்ணுன்னா "ஓடிப்போச்சு", கதை முடிஞ்சுது. அந்த ஒத்தை வார்த்தைக்குப் பயந்தே எத்தனையோ வீட்டுல புகாரே கொடுக்க மாட்டாங்க. சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு ரெண்டு நாள் தாங்களாவே தேடுவாங்க. அந்த ரெண்டு நாள்ல ஒரு ரயில் நாட்டோட அடுத்த முனைக்குப் போயிடும். பதினஞ்சு வயசுப் பொண்ணு தானா நடந்தே போயிருந்தாலும் சட்டத்துக்கு அவ குழந்தை. கூட்டிட்டுப் போனவன் குற்றவாளி. இதைச் சட்டம் புரிஞ்சு வெச்சிருக்கிற அளவுக்குக் கூட நம்ம தெரு புரிஞ்சுக்கல.

என் கட்சி இதுதாங்க: ஃபார்வர்டு பண்றது உதவி இல்லை. அது நமக்கு நாமே கொடுத்துக்கிற ஆறுதல். உதவிங்கிறது அந்தக் குடும்பத்தோட கூடப் போறது.

"அப்போ யாருமே பகிரக் கூடாதா? அதனால கிடைச்ச குழந்தைங்க இல்லையா?"ன்னு பின்னூட்டத்துல கேப்பீங்க. நியாயமான கேள்வி. அமெரிக்காவுல ஆம்பர் அலர்ட்னு ஒரு முறை இருக்கு. 1996-ல் டெக்சாஸ்ல ஆம்பர் ஹேகர்மன்ங்கிற ஒன்பது வயசுச் சிறுமி கடத்திக் கொல்லப்பட்டதுக்கு அப்புறம் வந்தது. அதுவும் ஊருக்கே செய்தி அனுப்புறதுதான். ஆனா வித்தியாசத்தைப் பாருங்க. அனுப்புறது போலீஸ். எப்போ அனுப்பணும்னு விதி இருக்கு. எந்த ஏரியாவுக்கு அனுப்பணும்னு கணக்கு இருக்கு. குழந்தை கிடைச்சதும் வாபஸ் ஆயிடும். நம்ம தொழில் பாஷையில சொன்னா, அதுக்கு ஒரு ஓனர் உண்டு, எக்ஸ்பைரி உண்டு. நான் போட்ட போஸ்டருக்கு ரெண்டுமே இல்லை. அதுல தேதி கூடப் போடல நான்! கோடு எழுதுறப்போ இப்படி ஒரு தப்பு பண்ணியிருந்தா டீம் லீடு மானத்தை வாங்கியிருப்பார்.

அதோட விளைவு இன்னும் முடியல. பையன் வீட்டுக்கு வந்து எட்டு மாசம் கழிச்சும் அந்த போஸ்டர் சுத்திக்கிட்டு இருந்துச்சு. ஒரு நாள் பஸ் ஸ்டாப்புல ஒருத்தர் அவன் கையைப் பிடிச்சு நிறுத்தி, "டேய், நீ அந்தக் காணாமப் போன பையன்தானே?"ன்னு கூட்டம் கூட்டிட்டார். ஸ்கூல்ல அவன் பேரே "மிஸ்ஸிங்" ஆயிடுச்சு. கிடைச்ச குழந்தையோட பேரு, படம், ஸ்கூல் எதையும் வெளியிடக் கூடாதுன்னு 2015 இளைஞர் நீதிச் சட்டத்தோட 74-ஆம் பிரிவு சொல்லுது. பாதுகாப்பு தேவைப்படுற குழந்தைகளோட அடையாளத்தை வெளியிட்டா ஆறு மாசம் வரை ஜெயில், இல்லைன்னா ரெண்டு லட்சம் வரை அபராதம். இதை மீறாத குரூப் அட்மின் யாராவது இருக்கோமா?

கூடப் போறதுன்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது:

1. முதல்ல ஸ்டேஷன். இருபத்து நாலு மணி நேரம் காத்திருக்கணும்னு ஒரு விதியே கிடையாது. எந்த ஸ்டேஷன் எல்லைன்னு அலைய வேண்டாம். எல்லை எதுவா இருந்தாலும் புகாரை வாங்கணும்னு 2024 ஜூலையில நடைமுறைக்கு வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173-ஆம் பிரிவு சொல்லுது. எஃப்.ஐ.ஆர். காப்பி இலவசம். மறுத்தா எஸ்.பி.க்குத் தபால்ல அனுப்பலாம். இஸ்திரி வண்டிக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல வாய் வராது. பக்கத்துல பேன்ட் சட்டை போட்ட ஒருத்தன் நின்னாலே பாதி வேலை நடக்கும். அது கேவலமான உண்மைதான். ஆனா இப்போதைக்கு உண்மை.

2. கூடவே 1098. 1996-ல் மும்பையில ஆரம்பிச்ச சைல்டுலைன் நம்பர். 2023-க்கு அப்புறம் அரசாங்கமே நடத்துது. 112-ம் உண்டு.

3. போஸ்டர் போட்டே ஆகணும்னா தேதி, ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர். எண் போடுங்க. தொடர்புக்கு ஸ்டேஷன் நம்பர். அப்பா அம்மா நம்பர் வேண்டவே வேண்டாம். அந்த லைன் குழந்தைக்காகக் காலியா இருக்கணும். கிடைச்சதும், போட்ட இடத்துல எல்லாம் நீங்களே போய் எடுங்க.

4. கிடைச்ச உடனே கையில கொடுத்துட மாட்டாங்க. குழந்தைகள் நலக் குழு முன்னாடி நிறுத்தி, பெத்தவங்கதானான்னு காகிதத்தைப் பார்த்து, பையனையும் தனியா விசாரிச்சுட்டுத்தான் அனுப்புவாங்க. அது நல்லதுக்குத்தான். வீட்டுல கொடுமை நடந்து ஓடி வந்த குழந்தையை அதே வீட்டுக்கு அப்படியே அனுப்பிடக் கூடாது இல்லையா? ஆனா தகவல் கிடைச்சு ஓடிப் போற அப்பாவுக்கு, "என் பிள்ளையை ஏன் தர மாட்டேங்கிறாங்க"ன்னு உயிரே போயிடும். ஆதார், ரேஷன் கார்டு, ஸ்கூல் சான்று எடுத்துக்கிட்டுக் கூடப் போங்க. முடிஞ்சா ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுங்க. தினக்கூலிக்காரருக்கு மூணு நாள் அலைச்சல்னா மூணு நாள் அடுப்பு எரியாது.

5. தனியா நிக்கிற குழந்தையைப் பார்த்தா போட்டோ எடுக்காதீங்க. 1098-க்கோ போலீஸுக்கோ சொல்லுங்க. இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள சொல்லணும்னு அதே 2015 சட்டம் நம்ம எல்லாருக்கும் கடமையாவே வெச்சிருக்கு.

6. "நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"ன்னு பெத்தவங்களைக் கேக்காதீங்க. அந்தக் கேள்வியை அவங்க நிமிஷத்துக்கு ஒரு தடவை தங்களையே கேட்டுக்கிட்டு இருக்காங்க.

இதெல்லாம் மூணு நாள்ல பிள்ளை கிடைச்ச வீட்டுக்கு. கிடைக்காத வீடு? நாலு மாசத்துல கண்டுபிடிக்க முடியலைன்னா வழக்கை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாத்தணும். அதுவும் கேட்டு வாங்க வேண்டியதுதான். அந்த நாலு மாசத்துக்குள்ள நம்ம குரூப்ல எத்தனை பிறந்தநாள், எத்தனை மீம்ஸ் வந்து போயிருக்கும்!

மனநல ஆய்வாளர் பாலின் பாஸ் 1970-களில் இந்த மாதிரி இழப்புக்கு ஒரு பேர் வெச்சாங்க. தெளிவில்லாத இழப்புன்னு தமிழ்ல சொல்லலாம். செத்திருந்தா அழுது, காரியம் பண்ணி, மெல்ல மெல்ல எழுந்திரிக்கலாம். இவங்களுக்கு அந்த உரிமை கூட இல்லை. அழுதா நம்பிக்கையைக் கைவிட்ட மாதிரி. சிரிச்சா பிள்ளையை மறந்துட்ட மாதிரி. நியூயார்க்ல 1979-ல் காணாமப் போன ஏடன் பாட்ஸ்ங்கிற ஆறு வயசுப் பையனோட பெத்தவங்க பல பத்தாண்டுகளா வீட்டையும் மாத்தல, போன் நம்பரையும் மாத்தல. நம்ம மத்தியப் பிரதேசத்துல காண்ட்வாவைச் சேர்ந்த சரூ ப்ரையர்லி கதை நிறையப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும் ('லயன்' படம்). 1986-ல் ரயில்ல தூங்கிப் போய்க் கல்கத்தாவுல தொலைஞ்சு, ஆஸ்திரேலியாவுக்குத் தத்துப் போய், கூகுள் எர்த்ல தேடித் தேடி ஊரைக் கண்டுபிடிச்சு, 2012-ல் வந்து அம்மா முன்னாடி நின்னார். நம்ம ஆளுங்க எல்லாரும் கூகுள் எர்த்தைப் பத்தித்தான் பேசினோம். நானும்தான். அந்த அம்மா இருபத்தஞ்சு வருஷமா அந்த ஏரியாவை விட்டுப் போகாம அங்கேயே இருந்தாங்க பாருங்க, அது இல்லைன்னா சாட்டிலைட் படத்தை வெச்சுக்கிட்டு என்ன செஞ்சிருப்பார்?

அப்படிக் காத்திருக்கிற வீடு உங்க தெருவுலயும் இருக்கலாம். ரெண்டு வருஷம் கழிச்சுப் போய் "ஏதாவது தெரிஞ்சுதா?"ன்னு கேக்க நமக்குச் சங்கடம். அதனால அந்த வீட்டைத் தாண்டும்போது வேகமா நடக்குறோம். கேக்க வேண்டாம். பிள்ளை பேரைச் சொல்லி, "அவன் கிரிக்கெட் நல்லா ஆடுவான்ல"ன்னு ஒரு வார்த்தை பேசினாப் போதும். பேரையே யாரும் உச்சரிக்காமப் போறதுதான் அவங்களுக்குப் பெரிய தண்டனை.

பையன் வந்த அன்னிக்கு எங்க அபார்ட்மெண்ட் குரூப்ல கைகூப்புற பொம்மையாக் கொட்டுச்சு. சட்டை கருகினதுக்குச் சத்தம் போட்டவர், "பெற்றோர் பிள்ளைகளிடம் கனிவாக நடந்துகொள்ள வேண்டும்"னு ஒரு நீளமான மெசேஜ் போட்டார். நான் எதுவும் எழுதல. எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

அண்ணன் பழைய நம்பரை மாத்திட்டார். பையனுக்குப் புது நம்பரை மனப்பாடம் பண்ண வெச்சிருக்கார். போன வாரம் துணி கொண்டு வந்தவன்கிட்ட, "என் நம்பரையும் மனப்பாடம் பண்ணிக்கோடா"ன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன், அப்படியே திருப்பிச் சொன்னான். "பன்னெண்டு உருப்படி, எண்ணிக்கங்கண்ணே"ன்னுட்டு இறங்கிப் போயிட்டான்.

டிஸ்கி: இந்தப் பதிவை ஷேர் பண்ணுங்கன்னு கேக்க மாட்டேன் :-) உங்க தெருவுல இருக்கிற ஒரு குழந்தைக்காவது 1098-ஐச் சொல்லிக் கொடுத்துட்டு வந்து பின்னூட்டம் போடுங்க. அது போதும்.